பூக்க வேண்டாத செடி

ரத்தினம்மா எங்கள் பள்ளி ஆய்வுக்கூட உதவியாளர். அவள் கழுவிய குடுவையில் முகம் பார்த்து நிலாவே பொட்டு வைத்துக்கொண்டு போகும். எங்கள் ஊர்ச் சுரங்கத்தில் முட்டுமரம் கொடுத்துக்கொண்டிருந்த அவள் கணவன் காத்தவராயன், 1963இல் சாலை போடும் வேலைக்கு லடாக் போனான்.

"எவ்ளோ உயரம்க்கா அது?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டுத் தங்கம்மா.

"நம்ம சுரங்கத்துல எறங்குற ஷாஃப்டைப் பிடுங்கித் தலைகீழா நட்டு, அதும்மேல இன்னும் பாதி ஷாஃப்டு வெச்சா வரும்."

அவனுடைய கடைசிக் கடிதத்தில் ஒரு வேர்த்துண்டும் உலர்ந்த இலை ஒன்றும் இருந்தன. 'பேரு சோலோ. மூச்சு வாங்கினா இங்க இதத்தான் மெல்றோம். நட்டு வை, வந்து பாக்கிறேன்.' அதற்குப் பிறகு கடிதமே வரவில்லை.

வேரை நட்டாள். முளைத்தது. ஆனால் உலர்ந்த இலை குட்டையாய், தடித்து, சிவந்திருந்தது. தொட்டியில் வந்த இலையோ நீண்டு வெளுத்திருந்தது.

"இன்னாக்கா, தானா மொளச்ச பருப்புக்கீரைக்கா தண்ணி ஊத்திக்கினு கீற? வேரு எப்பவோ அழுகியிருக்கும். கடைஞ்சி சாப்புடு," என்றாள் தங்கம்மா.

அந்தச் சொல் அவளைத் தூங்கவிடவில்லை. தொட்டியைத் தூக்கிக்கொண்டு தாவரவியல் லூயிசா டீச்சரிடம் வந்தாள்.

"சுரங்கத்துல ஆளை எறக்குற கேஜ் கயிறு துருப்பிடிக்காம கிரீஸ் தடவுறாங்கல்ல? மலை வெயிலுக்கும் குளிருக்கும் கெட்டுப்போகாம இருக்க, இலை பீனால்னு ஒரு சத்தைச் சேத்துவைக்கும். சோதிச்சுப் பாக்கலாம். ஆனா சாறு எடுக்கக் காஞ்ச இலையைக் கொதிக்கவைக்கணும்."

ரத்தினம்மா கடிதத்தைப் பிரித்து இலையை எடுத்தாள். பிறகு சரியாகப் பாதி மட்டும் கிள்ளித் தந்தாள்.

டீச்சர் இரண்டு இலைச்சாற்றிலும் பெர்மாங்கனேட் சொட்டினார். மலை இலை முப்பது சொட்டின் ஊதா நிறத்தையும் விழுங்கிற்று. தொட்டி இலை ஏழிலேயே திணறிவிட்டது.

"அப்ப ரெண்டும் வேற வேறயா டீச்சர்?"

"அப்படிச் சொல்ல முடியாது. இடம் மாறினாலும் சத்து கொறையும். பூதான் சாட்சி. பருப்புக்கீரைன்னா ஒரே மாசத்துல மஞ்சப் பூ விட்டுடும். மலைச்செடி பனிக்காலம் பாக்காம பூக்காது."

அன்றிலிருந்து பூவே வரக்கூடாது என்று மாரியம்மனை வேண்டினாள். விடிந்ததும் நுனியைத் தடவிப் பார்ப்பாள். மொட்டில்லை என்றால்தான் காப்பி இறங்கும். ஒரு மாதம் போனது, ஆறு போனது. தங்கம்மாவின் வாயும் ஓய்ந்தது.

செடி அவனுடையதுதான் என்றானதும் வேறு ஏக்கம் பிடித்துக்கொண்டது. அவன் வரும்போது அது பூவோடு நிற்க வேண்டாமா? மார்கழியில் சோடாக்கடை ஐஸைச் சாக்குச் சாக்காக வாங்கித் தொட்டியைச் சுற்றி அடுக்கினாள். எதிர்வீட்டுப் பூனை வந்து கம்பளி கேட்டது, சத்தியம். புதிய இலைகள் கொஞ்சம் குட்டையாக வந்தன, ஓரம் சிவந்தன. பூ வரவில்லை.

"விட்டுடு ரத்தினம். வேர் அழுகிடும்," என்றார் டீச்சர்.

"குளிர் பத்தல டீச்சர், அவ்ளோதான். வர்ற மார்கழிக்கு ஐஸ் ரெண்டு பாளம் சேத்தே சொல்லிவெச்சிட்டேன். அவருக்கும் லீவு அப்பதான கெடைக்கும்."