மின்தடை நாளில் கும்மி

அருப்புக்கோட்டையில் பழைய நூல் குடோன் ஒன்றைக் கலையரங்கமாக மாற்றி நான்கு வருடம் ஆகிறது. பெயர்ப்பலகையில் நீளமான பெயர் இருந்தாலும் ஊருக்கு அது இன்னும் குடோன்தான். அதன் வாசலில் உள்ள கரும்பலகையில் மாதா மாதம் நிகழ்ச்சிகளை எழுதுபவர் பிருந்தா அக்கா. பன்னிரண்டு வருடம் விசைத்தறி ஓட்டியவர். தறிச் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகியதால் பக்கத்தில் நிற்பவரிடமும் உரக்கத்தான் பேசுவார். படிப்பு பத்தாம் வகுப்பு. நோட்டீஸ் எழுதித் தருவது நான். எங்கள் தெருவில் முதலில் எம்.ஏ. முடித்தவன். ஆனால் எந்த நாளில் எதை வைப்பது என்பதை அவர்தான் சொல்வார்.

அதற்கென்று ஒரு டைரி வைத்திருக்கிறார். எந்த ஊரில் எந்தச் செவ்வாயன்று சாமிக்குக் காப்புக் கட்டுகிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். காப்புக் கட்டிவிட்டால் கோயில் பொங்கல் முடியும்வரை எட்டு நாள் ஊர்க்காரர்கள் வெளியூரில் ராத்தங்க மாட்டார்கள். அந்த வாரம் அந்த ஊர்க் கலைஞர்களைக் கூப்பிட முடியாது.

இந்தப் புரட்டாசிக்குப் பலகையில் மூன்று நிகழ்ச்சிகள். முதல் வாரம் தறிக்கூடப் புகைப்படக் கண்காட்சி. அடுத்தது குழந்தைகளுக்கான படம். மூன்றாவது சனிக்கிழமை மாலை ஆறரைக்கு, நரிக்குடிப் பக்கமிருந்து தங்கச்செல்வி குழுவின் கும்மிப்பாட்டு.

போன மாதக் கச்சேரிக்கு வந்தவர்கள் இருபத்து மூன்று பேர். அரங்கத்தை நடத்தும் மன்றத்தின் செயலாளர் ஜெயக்குமார் அண்ணாச்சி, நூல் வியாபாரி, முடிவாகச் சொல்லிவிட்டார்.

"படம்னா கூட்டம் வருது, ஒத்துக்கிறேன். பாட்டுன்னா நாக்காலிதான் உக்காந்து கேக்குது. இந்தத் தடவ நூறு பேரு வரலைன்னா சனிக்கிழமைகள டியூசன் சென்டருக்கு விட்ருவோம்மா. பிள்ளைகளாச்சும் படிக்கட்டும்."

"நூறு பேரு வருவாக அண்ணாச்சி."

சுவரொட்டி ஒட்டி முடித்த மறுநாள் தங்கச்செல்வி போன் பண்ணினார்.

"ஏத்தா பிருந்தா, வார செவ்வாக்கெழம எங்கூர்ல காப்புக் கட்டு. சாயந்தரமானா முளைப்பாரியச் சுத்திக் கும்மி கொட்டணும். வர ஏலாதுத்தா."

"ஒங்களுக்கு ஆவணியிலயே முடிஞ்சிருச்சே! என் டைரியில இருக்கே!"

"ஊருக்குள்ள சாவு விழுந்து தள்ளி வச்சுட்டாக. ஒன் டைரிக்கு யாரு வந்து சொல்றது?"

ஆடியில் கேட்டு எழுதியது. அதற்குப் பிறகு அக்கா விசாரிக்கவில்லை. டைரியில் இருக்கிறதே என்று நானும் கேட்கவில்லை.

"வெளக்கு வைக்கிறதுக்குள்ள ஊருக்குத் திரும்பிட்டாச் சரிதான? பகல்ல வாங்க," என்றார் அக்கா.

"நாங்க வந்துருவோம். பகல்ல யாரு பாப்பா? பூராப் பேரும் தறியிலல்ல நிப்பாக?"

பார்த்துச் சொல்கிறேன் என்று அக்கா போனை வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இந்த மாசம் கரண்டு என்னைக்கு நிப்பாட்டுறாக?"

மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை. செய்தித்தாளைப் பார்த்தேன். காப்புக் கட்டுக்கு இரண்டு நாள் கழித்து, வியாழக்கிழமை, காலை ஒன்பது முதல் மாலை ஐந்துவரை.

"அக்கா, மைக் ஓடாது. ஃபேன் ஓடாது. அன்னைக்குப் போயி யாராச்சும் நிகழ்ச்சி வைப்பாகளா?"

"கும்மிக்கு எதுக்கு மைக்கு? ஊர்ல அத்தன தறியும் நிக்கிற நாளு மாசத்துல அது ஒண்ணுதான்."

அண்ணாச்சி கேட்டுச் சிரித்தார். "வேல இல்லாத நாள்ல சனம் தூங்கும்மா."

"ஃபேன் ஓடாத வீட்டுல எப்படி அண்ணாச்சி தூங்குவாக?"

இருநூறு சுவரொட்டியிலும் புதுத் தேதிச் சீட்டை ஒட்டினோம். அக்கா ஒவ்வொரு தறிக்கூடமாகப் போய் வியாழக்கிழமையைச் சொல்லிவிட்டு வந்தார். தறியை மிஞ்சும் அந்தக் குரலுக்கு அன்றுதான் சரியான வேலை.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்குத் தெருவில் தறிச் சத்தம் நின்றது. பத்தரைக்குத் தங்கச்செல்வியும் பதினொரு பெண்களும் வேனில் வந்து இறங்கினார்கள். அண்ணாச்சி வாசலில் நாற்காலி போட்டு எண்ண உட்கார்ந்தார். பதினொன்றுக்கு நாற்பத்தொரு பேர். அக்கா தெருமுனைக்கும் வாசலுக்குமாக நடந்தார்.

"ஆரம்பிக்கவா, பொறுக்கவா? மூணு மணிக்கு நாங்க கெளம்பணும்," என்றார் தங்கச்செல்வி.

"ஆரம்பிங்க. கதவு ரெண்டையும் தொறந்து விட்ருங்க."

பன்னிரண்டு பேரின் கைத்தட்டு வெறும் குடோனில் மோதி வெளியே போனது. தறி ஓடும் நாளில் அது பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்காது. அன்று மூன்றாவது தெரு வரைக்கும் கேட்டிருக்கிறது. வாசலில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். சிலர் அட்டை விசிறியோடேயே வந்தார்கள். ஓட்டுக் கூரை உயரம் என்பதால் உள்ளே புழுக்கமும் அவ்வளவு இல்லை.

அண்ணாச்சி எண்பத்தேழு வரை எண்ணினார். அதற்குள் முன்வரிசைப் பெண்கள் நாலைந்து பேர் எழுந்து கும்மி வட்டத்துக்குள் போய்விட்டார்கள். பின்னாலேயே இன்னும் பத்துப் பேர். வட்டம் பெரிதாகி நாற்காலிகளை ஓரமாகத் தள்ள வேண்டியதாயிற்று.

"ஏம்மா, இதுல யார எண்ண, யார விட?"

"பாட வந்த பன்னெண்டக் கழிச்சுட்டு மிச்சத்த எண்ணுங்க அண்ணாச்சி."

நின்றவாறே இரண்டு தடவை எண்ணினார். முதலில் நூற்று முப்பத்தெட்டு, பிறகு நூற்று ஐம்பத்து நாலு. மூன்றாம் தடவை எண்ணவில்லை.

மூன்று மணிக்கு வேன் கிளம்பியது. நாலேகாலுக்குத் தங்கச்செல்வி போன் பண்ணி, "திருச்சுழி தாண்டி வந்து ஊருக்குள்ள எறங்கிட்டோம். நீ முளைப்பாரிக்கு வந்துரு," என்றார்.

அண்ணாச்சி கதவைப் பூட்டிச் சாவியை அக்காவிடம் நீட்டினார். "சனிக்கிழமை ஒன்கிட்டயே இருக்கட்டும். பாட்ட மட்டும் இனிமே கரண்டு இல்லாத நாள்லயே வையி. பில்லாச்சும் கொறையும்."

ஐப்பசிப் பலகையில் கண்காட்சியும் படமும் எழுதியாகிவிட்டது. மல்லாங்கிணறு உறுமிக் குழுவின் பெயருக்கு எதிரே தேதி இல்லை. அவர்கள் ஊர்க் காப்புக் கட்டுத் தேதி டைரியில் இருக்கிறது. இருந்தும் அக்கா காலையிலிருந்து அவர்களுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறார்.