முறைக்காய்ச்சல் வேர்

திருப்பூரில் நொய்யல் கரைச் சலவைப் பட்டறை ஒன்றில் பனியன் துணி காயப்போடும் வேலை ரங்காத்தாளுக்கு. சொந்த ஊர் குண்டடம். விட்டுவிட்டுக் குளிரோடு வரும் முறைக்காய்ச்சல் என்று யார் வந்தாலும் ஒரு வேலியோரச் செடியின் வேரை இடித்துக் கஷாயம் வைத்துக் கொடுப்பார். காசு வாங்கமாட்டார், செடியின் பெயரையும் சொல்லமாட்டார். குடித்தவர்கள் பெரும்பாலும் எழுந்து வேலைக்கு வந்துவிடுவார்கள்.

1957 ஐப்பசியில், கூட வேலை செய்த மயிலாத்தாளுக்குக் குளிர் கண்டது. ரங்காத்தாள் ஒன்பது நாள் கஷாயம் கொடுத்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் காய்ச்சல் தணிந்ததால் மருந்து கேட்கிறது என்று நம்பினார்கள். பத்தாம் நாள் மயிலாத்தாளுக்கு நினைவு தப்பியது. ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்து மலேரியா என்றார்கள். முன்னமே வந்திருந்தால் மாத்திரையில் தீர்ந்திருக்கும் என்றார்கள். அன்று மாலை அவள் இறந்துபோனாள்.

யாரும் ரங்காத்தாளைக் குறை சொல்லவில்லை. அடுத்த மாதம் மயிலாத்தாளின் புருஷன் நல்லானே தனக்குக் காய்ச்சல் என்று கஷாயம் கேட்டு வந்தான். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, வேர்க்கட்டோடு கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினார். அங்கே ஒரு காலேஜில் கமலாம்பாள் என்ற ஆசிரியை நாட்டு வேர்களைச் சோதித்துப் பார்ப்பதாக நர்ஸ் ஒருத்தி சொல்லியிருந்தாள்.

செடியின் பெயரை முதன்முதலாகக் கமலாம்பாளிடம்தான் சொன்னார்.

கமலாம்பாள் வேரை ஸ்பிரிட்டில் ஊறவைத்துச் சத்தை இறக்கினார். கோழிகளுக்கு வருகிற மலேரியாவை இருபது குஞ்சுகளுக்கு ஏற்றி, பத்துக்கு மட்டும் அந்தச் சத்தைக் கொடுத்தார். தினமும் ரத்தம் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். மாசியில் கடிதம் போட்டு ரங்காத்தாளை வரவழைத்தார்.

"உங்க வேர்ல சங்கதி இருக்குதுங்க. புண்ணுல சீழ் புடிக்க வைக்கிற கிருமி இதுகிட்ட வளர மாட்டேங்குது" என்று ஆரம்பித்தார்.

"காய்ச்சலுக்கு என்னாச்சுங்க அம்மணி?"

"அதுக்கு இது கேக்கலீங்க. மருந்து குடுத்த குஞ்சும் குடுக்காததும் ஒரே மாதிரிதான் செத்துச்சுங்க."

பிழைத்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று கேட்டார் ரங்காத்தாள். சிலருக்குக் காய்ச்சல் தானாகவே அடங்கும் என்றார் கமலாம்பாள். புண்ணுக்குக்கூட இப்போதே கொடுக்க வேண்டாம், இன்னும் பல வருஷம் சோதிக்க வேண்டும் என்றும் சொன்னார்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் ரங்காத்தாள் நேராக நல்லான் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார்.

"இதை ஏனுங்க்கா எங்கிட்ட வந்து சொல்றீங்க?" என்றான் அவன்.

"அவ போன பொறகும் நீ கஷாயம் கேட்டு வந்தியே தம்பி."

அவன் கதவைச் சாத்திக்கொண்டான்.

அதன்பிறகு காய்ச்சல் என்று வந்தவர்களை ரங்காத்தாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்தம் பார்க்கவைத்தார். மருந்தை ஒளித்துவைக்கிறார் என்று சிலர் ஏசினார்கள். நல்லான் மூன்று வருஷம் அவரிடம் பேசவில்லை. பிறகு ஒருநாள் அவன் தங்கை கருப்பாத்தாளுக்குக் குளிர் வந்தபோது, தான் கம்பெனியில் இருப்பதாகவும் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக முடியுமா என்றும் ஆள் அனுப்பிக் கேட்டான். ரங்காத்தாள் கூட்டிப்போனார். மலேரியாதான். மாத்திரை கொடுத்தார்கள், சில நாளில் தீர்ந்தது.

கூட்டிப்போன அன்று மாலை வேலை முடிந்து ஆஸ்பத்திரிக்கு வந்த நல்லான் அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தான்.