பரிசு வாங்கிய பூரிக்கட்டை

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு கார்ட்டூன் அனுப்பியிருந்தார். கையில் பூரிக்கட்டையோடு மனைவி, தலையில் புடைப்போடு கட்டிலுக்கடியில் கணவன். கீழே இருபது பேர் விழுந்து விழுந்து சிரித்திருந்தார்கள். எத்தனை வருஷமாக இதே ஜோக்! அலுக்கவே அலுக்காதா இவர்களுக்கு? எனக்கு எரிச்சல்தான் வந்தது. அந்தப் படத்தை நானே ஒருமுறை வரைந்திருக்கிறேன்.

விருத்தாசலத்தில் ஐந்தாம் வகுப்பு படித்தபோது பள்ளியில் சிரிப்புப் படப் போட்டி வைத்தார்கள். அப்பா வாரப் பத்திரிகை வாங்கினால் முதலில் ஜோக்கைத்தான் படிப்பார். புருஷன் பெண்டாட்டி ஜோக் என்றால் எங்களுக்கும் உரக்க வாசித்துக் காட்டுவார். ஆகவே நானும் புருஷன் பெண்டாட்டியையே வரைந்தேன். ஆனால் வீட்டில் பார்த்தபடி வரைந்துவிட்டேன். குழம்பில் உப்பு கூடிவிட்டது, புருஷன் கையை ஓங்குகிறான், பெண்டாட்டி தட்டால் முகத்தை மறைத்துக்கொள்கிறாள்.

டீச்சர் வெகுநேரம் பார்த்தார். "இதுல சிரிப்பு எங்க இருக்குது கண்ணு? அந்தம்மா கையில ஒரு பூரிக்கட்டய குடு. அப்பதான் ஜோக்கு," என்றார்.

எங்கள் வீட்டில் பூரிக்கட்டையே கிடையாது. பத்திரிகையைப் பார்த்துத்தான் வரைந்தேன். முதல் பரிசு கிடைத்தது. அப்பா அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். வருகிறவர்களிடமெல்லாம், "நம்ம வூட்டு நெலம இதான், பாத்துக்குங்க" என்பார். பீங்கான் கம்பெனியில் நாள் முழுக்கக் கப்புகளுக்குக் கைப்பிடி ஒட்டிவிட்டு வரும் அம்மா, அவர்களுக்கு டீ போட்டுக் கொடுப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா ஆட்டோவை எடுத்துக்கொண்டு ஜங்ஷனுக்குப் போன நேரத்தில், பெண்ணாடத்திலிருந்து மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். அம்மாதான் வரச் சொல்லியிருந்தாள். முந்தானையை விலக்கித் தோளைக் காட்டினாள். கன்றிப்போயிருந்தது.

"என்னால முடியலண்ணா. புள்ளய கூட்டிக்கிட்டு கொஞ்ச நாளு அங்க வந்து இருக்கட்டுமா?"

மாமாவால் தோளைப் பார்க்க முடியவில்லை. சுவரைப் பார்த்தார். படம் கண்ணில் பட்டதும் முகம் தெளிந்துவிட்டது.

"இத பாத்தா வேற மாதிரியில்ல தெரியுது. கட்ட உன் கையிலதான இருக்குது," என்று சிரித்தார். டீயைக் குடித்துவிட்டு, "அனுசரிச்சுப் போம்மா. போயிட்டு வரேன்" என்று நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

நானும் சிரித்தேன். மாமா என் படத்தைக் கவனித்துவிட்டாரே. "நாந்தான் மாமா வரைஞ்சேன்" என்று வாசல்வரை சொல்லிக்கொண்டே போனேன். பெண்ணாடத்துக்கு முழுப் பரீட்சை லீவில் போனால் போதாதா, அம்மாவுக்கு என்ன அவசரம் என்றுதான் தோன்றியது.

அதற்குப் பிறகு அம்மா யாரிடமும் தோளைக் காட்டவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.