ஏழரை மணிக் கோடு

சண்டைக் காலத்தில் மன்னார்த் தீவில் நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வரவு இடாப்பு என் பொறுப்பில் இருந்தது. ஏழரை மணிக்கு, வந்தவர்களின் கையெழுத்துகளுக்குக் கீழே சிவப்புப் பேனையால் கோடு போட வேண்டும். கோட்டுக்குக் கீழே கையெழுத்திடுபவர் பிந்தி வந்தவர். ஆனால் பெருநிலத்தில் நானாட்டான் பக்கமிருந்து வரும் பஸ்ஸைத் தீவுக்கு ஏறும் பாலத்தடியில் ஆமி மறித்து, எல்லாரையும் இறக்கி, அடையாள அட்டை பார்த்து, பைகளைக் கிண்டித்தான் விடும். அதனால் அந்த பஸ் வந்து சேரும்வரை கோடு போடாமல் பொறுப்பது எங்கள் வழக்கம்.

அந்த பஸ்ஸில் வந்த ஆசிரியர்கள் இரண்டே பேர். ஒருத்தி புதிதாக வந்த சங்கீத ரீச்சர். மற்றவர் விஞ்ஞான மாஸ்டர், பெண்சாதி பிள்ளைகள் உள்ளவர்.

சங்கீத ரீச்சரை முதல் நாளே எனக்குப் பிடித்துவிட்டது. பிடித்துவிட்டது என்பது குறைத்துச் சொல்வது. என் பக்கத்துக் கதிரையில் வேறு யாரும் இருக்காதபடி கைப்பையை வைத்துக் காவல் காத்தேன். அவளுக்கென்றே கூடுதலாக இடியப்பம் அவித்துக்கொண்டு போவேன். அவளுடைய சேலை மடிப்புக்கு ஊசி குத்திவிடுவதும் நான்தான். "அக்கா, நீங்கள் எனக்கு நல்லாச் செல்லம் குடுக்கிறீங்கள்" என்பாள். முப்பத்தாறு வயதுவரை என்னை யாரும் அப்படி அக்கா என்று கூப்பிட்டதில்லை. அவள் வராத நாட்களில் பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்தேன்.

பிறகு அவள் மாஸ்டரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினாள். பஸ்ஸில் அவர் சொன்ன பகிடி, அவளுக்காகப் பிடித்துவைத்த இடம், பாலத்தடியில் மழையில் நின்றபோது அவர் விரித்துக் கொடுத்த குடை. என் இடியப்பத்தைத் தின்றுகொண்டே இதையெல்லாம் சொன்னாள். நான் பார்த்துப் பார்த்துச் செய்ததெல்லாம் எங்கே, அந்த மனிதரின் ஓட்டைக் குடை எங்கே?

அடுத்த நாள் ஏழரை அடித்ததும் கோட்டைப் போட்டேன்.

"இண்டைக்கு பஸ்ஸுக்குப் பொறுக்கேல்லையோ, ரீச்சர்?" என்று அதிபர் கேட்டார்.

"சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதானே, சேர்" என்றேன்.

அவள் என் பின்னால் வந்து கெஞ்சுவாள் என்று நினைத்தேன். அவளோ சிரித்தபடி கோட்டுக்குக் கீழே கையெழுத்திட்டாள். அவளுக்குக் கீழே மாஸ்டர் இட்டார். அதைக் கண்டதும் இன்னும் எரிச்சல் ஏறியது. மறுநாளும் போட்டேன், அதற்கடுத்த நாளும் போட்டேன். இப்படியே மூன்று கிழமை.

இடாப்பைப் புரட்டியவர்கள் கண்டது வேறு. நாள் தவறாமல் இரண்டு பேர் மட்டும் சேர்ந்து பிந்தி வருகிறார்கள், எங்கே போய்விட்டு வருகிறார்களோ என்று கதை கிளம்பியது. அது கோயில் வாசல்வரை போனது. மாஸ்டரின் மனைவி பள்ளிக்கூடத்துக்கு வந்து எல்லார் முன்னாலும் அழுதார். கல்விக் கந்தோரிலிருந்து ஓர் அதிகாரி விசாரிக்க வந்தபோது, இடாப்பு என்னுடைய பொறுப்பு என்று அதிபர் கையைக் கழுவிவிட்டார்.

"பஸ் பிந்தினபடியாத்தான் பிந்தி வந்தனாங்கள் எண்டு ரெண்டு பேரும் சொல்லினம்" என்றார் அதிகாரி. "உண்மையோ, ரீச்சர்?"

என் வகுப்பு யன்னலால் பஸ் தரிப்பிடம் தெரியும். பஸ் பிந்தி வருவதையும், இருவரும் இறங்கி நேரே ஓட்டமும் நடையுமாகப் பள்ளிக்கு வருவதையும் தினமும் பார்த்தவள் நான். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் அவளுடைய மானம் தப்பியிருக்கும்.

"எனக்குத் தெரியாது, சேர். நான் கோடு போடுற ஆள்தானே."

விசாரணை முடிந்து மாஸ்டர் இருந்த பள்ளியிலேயே இருந்தார். அவளுக்கு, இயக்கத்தின் பிடியில் இருந்த இலுப்பைக்கடவைக்கு இடமாற்றம். அப்போது அந்தப் பக்கம் போனவர்கள் இங்கே திரும்பி வருவது லேசல்ல. கடிதம் கிடைத்ததிலிருந்து அவள் வெளிக்கிடும்வரை ஒரு கிழமை இருந்தது. ரீச்சர்மார் ஒருவரும் அவளோடு கதைக்கவில்லை. மாஸ்டர் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் முழு நேரமும் என்னோடேயே இருந்தாள்.

"உங்களிட்டயும் கேட்டவையோ, அக்கா?"

"ஓம், கேட்டவை."

"நீங்கள் எனக்காகக் கதைச்சிருப்பீங்கள். எனக்குத் தெரியும்" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள்.

"அழாதேயும்" என்று அவளுடைய முதுகைத் தடவினேன். எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என்னைவிட்டால் அவளுக்கு இப்போது ஒருவரும் இல்லை என்பதுதான் மனதில் நின்றது. அந்தக் கிழமை முழுக்க நான் சந்தோசமாக இருந்தேன்.