அண்ணன் வண்டியின் கொதிப்பு

அறுபதைத் தாண்டியும் அவரைச் சின்னவர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். பட்டறையில் பெரியவர் என்று அவருடைய அண்ணன் இருந்ததால் வந்த பெயர். போன மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அண்ணன் கண்ணை மூடினார். தம்பி இன்னும் சின்னவராகவே இருந்தார்.

சின்னவரை லேசான ஆளாக நினைத்துவிடக் கூடாது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். அண்ணனும் தம்பியுமாக ஒரு தகரக் கொட்டகையில் உட்கார்ந்து, அதை ஆறு வண்டி ஒன்றாக நிற்கிற பட்டறையாக்கிக் காட்டினார்கள். எவன் முன்னாலும் கைகட்டி நின்றதில்லை, எவன் சிபாரிசும் கேட்டதில்லை. கொதிக்கிற இன்ஜின் என்றால் அந்த வட்டாரமே இவர்களைத்தான் தேடி வரும். நாலு மெக்கானிக் பார்த்துக் கைவிரித்த வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்து போட்டுவிட்டுப் போவார்கள். அது தன் காலால் திரும்பிப் போகும். இதில் ஒரு சொட்டுக்கூட மிகை இல்லை.

அண்ணன் போனபிறகு சின்னவருக்கு எதுவும் உறைக்கவில்லை. அழுகை வரவில்லை. வரும் வரும் என்று வீட்டில் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்து அலுத்துப் போனார்கள். தட்டில் வைத்ததைச் சாப்பிட்டார். உப்புப் போட மறந்துவிட்டேனே என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டபோதுதான் அதில் உப்பு இல்லை என்று அவருக்குத் தெரிந்தது.

அப்படி இருந்தவரிடம்தான் அண்ணி வந்து நின்றார்.

"தம்பி, நான் மலை மேல பொண்ணு வீட்டோட போயிடலாம்னு இருக்கேன். உங்க அண்ணன் வண்டி மலையேறும்னா அதுலயே போறேன். ஏறாதுன்னா சொல்லிடுங்க. பழைய இரும்புக்காரன் நாளைக்கு வர்றேன்னு சொல்லியிருக்கான்."

"யாரு ஓட்டுவாங்க?"

"நான்தான். இல்ல, வேணாம். யாராவது டிரைவர் பாருங்க. என் கை பட்டாதான் அது கொதிக்குமே."

அந்த வண்டி மேடும் பள்ளமும் ஏறி இறங்கவென்றே செய்த சொகுசு வண்டி. தோல் இருக்கை, கதவில் மரப்பட்டை, உட்கார்ந்தால் ஊரே கீழே தெரியும். ஏதோ பணக்கார வீட்டு வாசலில் நின்று கிழடானபிறகு அண்ணன் வாங்கினார். பிரித்துப் பூட்டித் தன் கையாலேயே ராஜாவாக்கினார். அதன்பின் முதல்முறை மலையில் கொதித்து நின்றபோது ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தது அண்ணி. அதன்பிறகு சாவி அண்ணி கைக்குப் போகவில்லை. "சின்ன கியர்லயே உருட்டி என் இன்ஜினை அவிச்சுட்டா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அண்ணன் சொன்னார். பிறகு அண்ணன் ஓட்டும்போதும் அது கொதிக்கத்தான் செய்தது. அன்றைக்குக் கெட்டதுதான், இனி தேறாது என்றார். தம்பியைக்கூட அதில் கை வைக்க விடவில்லை. அண்ணியும் அதை நம்பிவிட்டார்.

சின்னவர் பானெட்டைத் தூக்கினார். ரேடியேட்டரில் ஒழுக்கு இல்லை. மூடியில் ரப்பர் நன்றாக இருந்தது. விசிறி காற்றை வாரி இழுத்தது. தண்ணீர் பம்பில் ஆட்டம் இல்லை. இன்ஜினை ஓடவிட்டுத் தண்ணீரைப் பார்த்தார். குமிழி வந்தால் இன்ஜினின் தலைப்பகுதியான ஹெட் போயிற்று என்று அர்த்தம். குமிழி வரவில்லை.

தெர்மோஸ்டாட் கூட்டையும் திறந்தார். இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் தடுக்கும் சின்னக் கதவு அது. கூடு காலியாக இருந்தது. சின்னவர் திருப்தியாக மூடினார். அந்தப் பட்டறையில் எந்த வண்டி வந்தாலும் முதல் வேலை அந்தக் கதவைப் பிடுங்கி எறிவதுதான். இந்த வெயிலுக்கு அது எதற்கு, தண்ணீர் பாட்டுக்கு ஓடட்டும் என்பது அண்ணன் தம்பி இருவரின் சட்டம். அதனால் அது இல்லாததை ஒரு கோளாறாக நினைக்க அவருக்குத் தோன்றவே இல்லை.

பக்கத்துக் கொட்டகைப் பெயிண்டர் எட்டிப் பார்த்தார். "என்ன சின்னவரே, பெரியவர் மேலேர்ந்து திட்டப் போறாரு. அவர் வண்டில கை வச்சுட்டீங்களே."

"திட்டட்டும்யா. சத்தமாவது கேக்கும்."

பெயிண்டருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

மறுபடி இன்ஜினை ஓடவிட்டார். சூடு காட்டும் முள் சிவப்பை நெருங்கியது. ரேடியேட்டரில் உள்ளங்கையை வைத்தார். வெதுவெதுப்புத்தான். தன் கைதான் மரத்துவிட்டதோ என்று மற்றக் கையையும் வைத்துப் பார்த்தார். அதே வெதுவெதுப்பு. இன்ஜின் நெருப்பாய்க் கொதிக்கிறது, ரேடியேட்டருக்குச் சேதியே போகவில்லை. அப்படியென்றால் தண்ணீர் வேறு எங்கோ சுற்றுகிறது.

ஆறவிட்டு, கூட்டை மறுபடி திறந்து டார்ச் அடித்தார். அடியில் இன்னொரு துளை இருந்தது. ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்கே திரும்புகிற குறுக்குவழி. இந்த வண்டியில் அந்தச் சின்னக் கதவுக்கு ஒரு வாலும் உண்டு. மேலே வழி திறக்கும்போது வால் கீழே இறங்கி இந்தத் துளையை அடைக்கும். கதவையே பிடுங்கினால் துளை எப்போதும் வாயைப் பிளந்துகொண்டிருக்கும். சூடான தண்ணீர் சூடாகவே சுற்றிச் சுற்றி வரும்.

கூட்டின் விளிம்பில், தண்ணீர் கசியாமலிருக்கப் பூசிக் காய்ந்த பசையில் ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. அண்ணன் பசையைக் கட்டைவிரலால்தான் இழுப்பார். சின்னவர் அதைப் பார்த்தபடி நின்றார். தகட்டை எடுத்துச் சுரண்டினார். பசை கீழே உதிர்ந்தது.

உதிரிபாகக் கடையில் கேட்டு வாங்கி வந்து புதிதாக ஒன்றைப் பொருத்தினார். மாலையில் சாவியை அண்ணியிடம் நீட்டினார்.

"நானா? வேணாம் தம்பி."

"ஏறுங்க அண்ணி. நான் பக்கத்துல உக்கார்றேன்."

மலைச்சாலையில் இரண்டு வளைவு ஏறினார்கள். அண்ணியின் கண் பாதி சாலையிலும் பாதி முள்ளிலும் இருந்தது. முள் நடுவில் நின்றது. அசையவில்லை.

"என்ன கோளாறு இருந்துச்சு?"

பழசு, ஏதேதோ தேய்மானம் என்று சொல்லிவிட்டால் அத்தோடு போயிற்று. பெரியவர் பேர் பெரியவர் பேராகவே இருக்கும். அண்ணி அந்தப் பழியோடேயே மகள் வீட்டுக்குப் போய்ச் சேருவார். சின்னவர் கண்ணாடி வழியே வெளியே பார்த்தார்.

"ஒரு சாமானைக் கழட்டிட்டாங்க. அது இல்லாம இந்த வண்டி கொதிக்கத்தான் செய்யும். யாரு ஓட்டினாலும்."

"யாரு கழட்டினா?"

"அண்ணன். வாங்கின உடனே. எல்லா வண்டிக்கும் செய்றதுதான். நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்."

அண்ணி வண்டியை ஓரம் கட்டினார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப நான் இல்ல."

"நீங்க இல்ல அண்ணி."

"பொண்ணு கல்யாணத்துக்கு வந்தவங்ககிட்டகூடச் சொல்லிச் சிரிச்சாரே தம்பி." குரல் ஏறவில்லை, இறங்கவும் இல்லை. "இருக்கும்போது தெரிஞ்சிருந்தா நல்லா நாலு கேள்வி கேட்டிருப்பேன். இப்ப யார்கிட்ட சண்டை போடறது?"

"என்கிட்ட போடுங்க."

"உங்ககிட்ட போட்டா என்ன ருசி இருக்கு? பதிலே சொல்ல மாட்டீங்க."

அண்ணி போனை எடுத்து இரும்புக்காரனிடம் நாளைக்கு வர வேண்டாம் என்றார். ஏன் என்று அவன் கேட்டிருக்க வேண்டும்.

"வண்டி நல்லாத்தான்யா இருக்கு. நான்தான் ஓட்டறேன்" என்று சொல்லி வைத்துவிட்டு, கண்ணாடியில் பின்னால் பார்த்து, வண்டியைச் சாலைக்கு ஏற்றினார்.