பேதுரு வலை போடாத ஞாயிறு

எங்கள் பாஸ்டருக்கு இயேசு படம் ஒன்று எடுக்க ஆசை. கும்மிடிப்பூண்டியில் எங்கள் சபைக்கு வருகிறவர்கள் எல்லாரும் கம்பெனி ஆட்கள். வெல்டர் ஒருவருக்குத் தாடி நன்றாக வளர்ந்திருந்தது, அவர்தான் இயேசு. லேத்தில் நிற்கிற எனக்கு செல்போனில் வெட்டி ஒட்டத் தெரியும், எனக்கு எடிட்டிங். கலிலேயா கடலுக்குப் பழவேற்காடு ஏரி.

இயேசு சொன்னதும் வலை போடுகிற பேதுருவாக நடிக்க ஏரிக்கரைக் குப்பத்து மீனவர் ஒருவரைப் பிடித்தோம். "நான் வருசா வருசம் தீ மிதிக்கிறவன் ஐயா, பரவால்லியா?" என்று கேட்டார். "பேதுருவும் அன்னிக்கு சர்ச்சுக்குப் போனவர் இல்லண்ணே" என்றார் பாஸ்டர்.

எங்களுக்கு லீவு ஞாயிறுதான். அன்றைக்கே ஷூட்டிங் வைத்தோம். அங்கேதான் கோட்டை விட்டோம். எங்களுக்கு ஷிப்ட் இருப்பதுபோல அந்த ஏரிக்கும் முறை உண்டு, இன்ன நாள் இன்ன குப்பம் வலை போடலாம் என்று. மீறினால் ஊர்ப் பஞ்சாயத்து முறையையே பிடுங்கிவிடும். அந்த ஞாயிறு பக்கத்துக் குப்பத்துடையது.

வலை நிஜமாகவே தண்ணீரில் விழவேண்டும் என்பது போட்டில் ஏறினபிறகுதான் மீனவருக்குத் தெரிந்தது. "கையில புடிச்சிக்கினு நின்னா போதும்னு நெனச்சேன்" என்றார்.

"சினிமாதானண்ணே, மீனைத் திருப்பி வுட்டுடலாம்!" என்று கரையிலிருந்து பாஸ்டர் கத்தினார்.

"சினிமான்னு மீனுக்குத் தெரியுமா? வலை வுயுந்தா வுயுந்ததுதான்."

இதை அன்றைக்கே நோட்டில் எழுதிவைத்துக்கொண்டேன்.

மூன்றாவது டேக். கேமரா ஓடுகிறது. அங்கி போட்ட வெல்டர் தண்ணீரைக் காட்டி, வலையைப் போடு என்றார். மீனவர் கும்பிட்டார். "சாமி, இன்னிக்கு எங்க மொறை இல்ல. நாளன்னிக்கு வாங்க, போடறேன்."

வெல்டருக்கு வசனம் மறந்துபோயிற்று. மீனவர் தோளில் கைவைத்து, "சரிண்ணே, நாளன்னிக்கே வரேன்" என்றார்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டுப் போய் எடுத்தோம். கிடைத்தது அரைக் கூடை மடவை மீன். ஞாயிறையும் செவ்வாயையும் ஒட்டி, நடுவிலிருந்த பேச்சை வெட்டிவிட்டேன். எல்லாம் ஒரே நாளில் நடந்த மாதிரியே இருந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

ஒரு சாயங்காலம் குப்பத்து மைதானத்தில் திரை கட்டினோம். பக்கத்துக் குப்பத்தாரும் வந்திருந்தார்கள். வலை மேலே ஏறும் இடத்தில் ஒருவரும் கைதட்டவில்லை.

"இப்பத்தான் பின்னால நம்ம போட்டு நின்னுச்சு. அது நம்ம மொறை நாளு. இவன் வலை வுட்டுக்கினு கீறான் பாரு!" என்று பக்கத்துக் குப்பத்து ஆள் ஒருவர் கத்தினார்.

எங்கள் பேதுரு எழுந்து நின்றார். "சாமி சத்தியமா அன்னிக்குப் போடல நைனா." யார் நம்புவார்கள்? திரையில் போடுகிறாரே.

வெட்டிப்போட்ட துண்டு என் செல்போனிலேயே இருந்தது. அதை அப்படியே திரையில் ஓடவிட்டேன். 'நாளன்னிக்கே வரேன்' வரைக்கும் பார்த்தார்கள். பக்கத்துக் குப்பத்துத் தலைவர், "ஏசுவே ஒத்துக்கினாரு, அப்பறம் நாம இன்னா பேசறது?" என்று வேட்டியை உதறிவிட்டு உட்கார்ந்தார்.

அன்றிரவே அந்தத் துண்டைப் படத்தில் சேர்த்துவிட்டேன். அடுத்து மீஞ்சூரில் படத்தைப் போடவேண்டும். அந்தத் துண்டு வேதத்தில் இல்லை, எடுத்துவிடு என்றார் பாஸ்டர். எப்படியோ விஷயம் தெரிந்து மீனவர் போன் பண்ணினார். "அத்த வெட்டிடாத நைனா. நாளைக்கு எவனாச்சும் செல்லுல பாப்பான். அப்பால என் மொறை பூடும்."

வெட்டவில்லை. மீஞ்சூரில் அந்த இடம் வந்ததும் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பாஸ்டர் மட்டும் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.