கவிதைக்காக ஒதுங்கிய ரசம்

“இன்னா தலைவா, ரெண்டு வாரமா ஒண்ணியும் காணோம்? கைல சுளுக்கா, இல்ல அந்த ஊரு குளிர்ல பேனா ஒறைஞ்சி பூட்ச்சா?” பிப்ரவரி எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை என் வாட்ஸப்பில் வந்து விழுந்த செய்தி இது. அனுப்பியவன் முருகேசன். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றில் நானும் அவனும் ஒரே ஷிப்டில் பராமரிப்பு வேலை பார்த்தவர்கள். அவன் இன்னும் அங்கே இருக்கிறான். நான் ஸ்வீடனின் தெற்கே ஒரு சின்ன ஊரில் அதே வேலையைப் பார்க்கிறேன்; இது என் நான்காவது குளிர்காலம். அவனுக்கு நான் உடனே பதில் போடவில்லை. பேனா உறையவில்லை. எங்கள் தொழிற்சாலையில் காப்பி குடிக்கும் அறையில் ஒரு வெள்ளைப் பலகை இருக்கிறது. ஒவ்வொரு நாளும் மாலை அதை யாராவது துடைத்துவிடுகிறார்கள். சாதாரணத் துடைப்பு இல்லை. பொட்டுக் கோடு மிஞ்சாமல், நம் முகம் தெரிகிற அளவுக்குத் துடைப்பு. அதில் நான் எழுதிய நாலுவரிக் கவிதைகளும் அப்படித்தான் போயின.

இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அதற்குக் கும்மிடிப்பூண்டி கேன்டீன் கரும்பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்றன்றைய சாப்பாட்டை அதில் சாக்பீஸால் எழுதுவது பரிமாறும் பிரிவில் இருந்த தேவகி அக்காவின் வேலை. மேலே சாதம், சாம்பார், பொரியல் என்று வரிசையாக எழுதுவார். கீழே ஒரு முழம் காலியாக இருக்கும். அந்தக் காலி இடத்தில் யாரோ ஒருநாள் கவிதை மாதிரி எதையோ எழுதிவைக்க, அதுவே வழக்கமாகிவிட்டது. கை கழுவ வரிசையில் நிற்கிறவர்கள்தான் வாசகர்கள். அருமை, அற்புதம் என்றெல்லாம் யாரும் எழுத மாட்டார்கள். பிடித்திருந்தால், அதைப் படித்ததும் தனக்கு என்ன நினைவு வந்தது என்று கீழே ஒரு வரி எழுதிவிட்டுப் போவார்கள். பிடித்திருந்ததற்கு இன்னொரு அடையாளமும் உண்டு. மறுநாள் மெனு எழுத அக்கா பலகையைத் துடைக்கும்போது அந்தக் கவிதையை மட்டும் விட்டுவிடுவார். வாசகர்கள் எழுதும் வரிகளால் கவிதை பெருகப் பெருக, மெனு ஒதுங்கிக்கொள்ளும்.

என் கவிதை ஒன்று அப்படி ஐந்து நாள் நின்றது. சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி வரும் புறநகர் ரயிலில் தினமும் பார்ப்பதைத்தான் எழுதியிருந்தேன்.

மூன்று பேர் உட்காரும் பலகை.
அத்திப்பட்டில் ஒருவர் ஏறினார்.
யாரும் எதுவும் பேசவில்லை.
நான்கு பேர் உட்காரும் பலகை.

முதல் நாளே கீழே ஒரு வரி விழுந்தது. “அந்த நாலாவது ஆளு நான்தான். பாதி ஒடம்பு வெளிய.” மறுநாள் வேறு கையெழுத்தில், “மீஞ்சூர்ல அஞ்சாவது ஆளு ஏறுவான், அவனையும் சேர்த்துக்கப்பா.” எழுதியவர்கள் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. வியாழக்கிழமை (முருகேசன் புதன் என்கிறான், அன்று முட்டை போட்டார்கள், முட்டை வியாழனில்தான், ஆகவே வியாழன்) தேவகி அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னா தம்பி, பெரிய மனுசனாயிட்ட. ஒன் கவிதைக்கு எடம் உட்டுட்டு ரசத்தை நான் எங்க எழுதறது?”

“அழிச்சிடுக்கா.”

“அழிக்கறதா? அப்பறம் லைன்ல நிக்கறவன் இன்னாத்தை படிப்பான்? ரசத்தை சைடுல எழுதிக்கினேன். தலையை சாய்ச்சி படிச்சிக்கட்டும்.”

அன்று ரசம் பலகையின் வலது ஓரத்தில் செங்குத்தாக நின்றது. இன்றுவரை எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதற்கு மேல் ஒன்றில்லை.

இந்தப் பழக்கத்தோடு நான் ஸ்வீடன் வந்து சேர்ந்தேன். இங்கே காலையும் பிற்பகலும் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு ஒன்றாக உட்கார்ந்து காப்பி குடிக்கிறார்கள். அதற்கு ஃபிகா என்று பெயர். முதலாளியும் வருவார், துப்புரவு செய்பவரும் வருவார், அதிகம் பேச மாட்டார்கள். காப்பி அறைப் பலகையில் காலைக் கூட்டத்துக்கான குறிப்புகளை முறைவைத்து ஒருவர் எழுத வேண்டும். சென்ற டிசம்பரில் என் முறை வந்த வாரம், பலகையின் மூலையில் லார்ஸ் ஏதோ எழுதியிருந்தார். லார்ஸ் என் பக்கத்து எந்திரத்தில் வேலை செய்பவர், ஐம்பது வயதைத் தாண்டியவர், நாளுக்கு நாலு சொல் பேசினால் அதிகம். எழுதியிருந்ததைத் தட்டுத் தடுமாறிப் படித்தேன்: காலை முழுக்கப் பனியை வாரி என் காரை வெளியே எடுத்தேன், அது பக்கத்து வீட்டுக்காரருடையது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நம் ஊர் மரியாதையைக் காட்ட வேண்டாமா? அன்று மாலை அந்த வரிகளை விட்டுவிட்டு மற்றதை நானே துடைத்தேன்; மறுநாள் கூட்டக் குறிப்புகளை நெருக்கி எழுதி அவற்றைக் காப்பாற்றினேன். அதற்கு மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் லார்ஸ் அறைக்குள் வந்தார், பலகையைப் பார்த்தார், காது சிவந்தது. தன் சட்டைக் கையாலேயே அதைத் துடைத்தார். அடக்கமான மனிதர் என்று எண்ணிக்கொண்டேன்.

ஜனவரியில் நானே எழுத ஆரம்பித்தேன். மேலே தமிழில், கீழே எனக்குத் தெரிந்த ஸ்வீடிஷில். இங்கே வழியில் விழுந்துகிடக்கும் கையுறையை யாராவது எடுத்துப் பக்கத்து வேலிக் கம்பில் மாட்டிவிட்டுப் போவார்கள், தொலைத்தவர் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று. அதைப் பற்றி முதல் கவிதை.

வேலியில் ஒற்றைக் கையுறை.
கடந்து போக முடியவில்லை.
குலுக்கிவிட்டு வந்தேன்.

அன்று மாலையே பலகை பளபளவென்று இருந்தது. அடுத்ததும் போயிற்று. அதற்கடுத்ததைத் துடைப்பதை என் கண்ணாலேயே பார்த்தேன். துடைத்தவர் லார்ஸ். ஆள் என்மேல் கோபமாக இருக்கிறார், மற்றவர்களுக்கோ கவிதை பிடிக்கவில்லை, நாகரிகமாகச் சொல்லிவிட்டார்கள் என்று முடிவுகட்டினேன். நிறுத்தினேன். பலகையில் நிறுத்தியபின் கைபேசியிலும் ஓடவில்லை. பதினெட்டு வயதிலிருந்து எழுதுகிறவனுக்கு இரண்டு வாரம் ஒரு வரியும் வரவில்லை என்றால், இனி வராமலே போய்விடுமோ என்கிற பயம் வரும். எனக்கு வந்தது. புதன்கிழமை முருகேசனுக்கு உண்மையைச் சொன்னேன். இனிமேல் எழுதப் போவதில்லை, இங்கே அன்றன்றைக்கே அழித்துவிடுகிறார்கள் என்று. எங்கள் வாட்ஸப் குழுவில் பழைய ஷிப்டு ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். குரல்பதிவுகள் வரிசையாக வந்தன.

“அழிச்சா அழிக்கட்டும், நீ எழுதிக்கினே இரு. துடைக்கிறவன் கை வலிக்கட்டும்” என்றான் முருகேசன்.

தேவகி அக்காவின் பதிவில் பின்னால் அவர் வீட்டுப் பாத்திரச் சத்தம். “நைனா, ஒன் ரயிலு கவிதைக்கு அப்பறம் நான் எவனுக்கும் எடம் இல்லன்னு சொன்னதில்ல, தெரியுமா? ஒக்காருன்னு நகுந்துடறேன். என் இடுப்பு போச்சி உன்னால. இப்ப எழுத மாட்டேன்றியா? பேஜாரு புடிச்சவனே.”

இரண்டு முறை கேட்டேன். இரண்டாம் முறை சிரித்துக்கொண்டே. ஆனாலும் அறைக்குள் போனால் அந்தப் பளபளத்த பலகையைப் பார்க்க மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஃபிகாவில் லார்ஸ் காப்பிக் கோப்பையோடு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார். அதுவே பெரிய சம்பவம்.

“பலகை மூன்று வாரமாகக் காலியாக இருக்கிறது” என்றார்.

“நீங்கள்தான் துடைக்கிறீர்கள்.”

“ஆமாம்.”

“பிடிக்கவில்லையா?”

அவருக்குக் கேள்வி புரியவில்லை. “துடைக்காவிட்டால் நாளைக்கு நீ எங்கே எழுதுவாய்?” என்றார். பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக விளக்கினார். இங்கே பலகையில் பழையது அப்படியே கிடந்தால் அதை யாரும் படிக்கவில்லை, யாருக்கும் அக்கறையில்லை என்று பொருள். படித்தாயிற்று என்றால்தான் துடைப்பார்கள். கைபேசியை எடுத்துக் காட்டினார். என் கவிதைகள் எல்லாம் அதில் படமாக இருந்தன. துடைப்பதற்கு முன்பு ஒவ்வொன்றையும் எடுத்திருக்கிறார். “என் மகளுக்குப் படித்துக் காட்டினேன். இப்போது வேலியில் கையுறையைக் கண்டால் கைகுலுக்காமல் வர மாட்டேன் என்கிறாள். பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகிறது” என்றார். காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, “நீ என் பனிப் பாட்டை மூன்று நாள் வைத்திருந்தாயே. கேலி செய்கிறாய் என்று நினைத்தேன்” என்றார்.

கேன்டீன் கதையை அவருக்குச் சொல்ல நான் பட்ட பாடு பெரும்பாடு. ரசம் என்பதை மிளகு போட்ட புளிப்பு சூப் என்றேன். அது ஏன் பக்கவாட்டில் நின்றது என்று புரிந்ததும் லார்ஸ் சத்தமாகச் சிரித்தார். அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். லார்ஸ் சிரித்து அவர்கள் பார்த்ததில்லையாம்.

அடுத்த திங்கட்கிழமை, பிப்ரவரி பதினாறாம் தேதி, எழுதினேன். இந்த ஊர்ப் பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் உட்காராமல் நின்றுகொண்டு வருவார்கள்; நமக்குத் தொந்தரவு தரக்கூடாதாம்.

பக்கத்து இருக்கை காலி.
அவர் நின்றுகொண்டே வருகிறார்.
இடம் தர
நகர்ந்து நகர்ந்து
நான் சன்னலாகிவிட்டேன்.

லார்ஸ் படமெடுத்தார், துடைத்தார், “தாக்” என்றார். நன்றி என்று பொருள். அன்றிரவு அதே கவிதையைக் குழுவில் போட்டேன். “சன்னலாயிட்டேன்னு போட்ட பாரு தலைவா, அங்க நான் அவுட்டு” என்றான் முருகேசன். மறுநாள் தேவகி அக்கா அதைக் கேன்டீன் பலகையில் தன் கையால் எழுதினார். இங்கே ஒரு மாலைகூட நிற்காதது அங்கே நாலாவது நாளாக நிற்பதாகத் தகவல்.

இன்னொரு தகவலும் வந்திருக்கிறது. நான் விட்டுவந்த பிரிவில் இப்போது ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளைகள் சிலர் வேலை பார்க்கிறார்கள். தமிழ் தெரிந்த யாரோ அவர்களுக்குக் கவிதையைச் சொல்லியிருக்க வேண்டும். கீழே அவர்களில் ஒருவர் தம் ஒடியா எழுத்தில் ஏதோ எழுதியிருக்கிறாராம். இரண்டு வரி என்கிறான் முருகேசன். மூன்று என்கிறார் தேவகி அக்கா. அந்தப் பிள்ளைகள் வேறு ஷிப்டு; எங்கள் ஷிப்டில் அதைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. எழுதியவர் யாரென்றும் தெரியவில்லை. ஆலைக்குள் கைபேசி கொண்டுபோக அனுமதியில்லாததால் எனக்குப் படமும் வரவில்லை. என் இடத்துக்கு வந்திருக்கும் ஒருவர் எனக்கு என்ன சொல்லியிருக்கிறார் என்பதை இதை எழுதும் இன்றுவரை, பிப்ரவரி இருபதாம் தேதி வரை, என்னால் உறுதிசெய்ய முடியவில்லை. அதை இன்னும் துடைக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.